புகைத்தடையும் கல்லாவும்: பப், பிங்கோ கூடம், கேசினோ ஆகியவற்றின் கணக்கு

லண்டனில் பல ஆண்டுகள் பப் நடத்திய உங்கள் மாமா, உள்ளரங்கப் புகைத்தடைதான் தம் தொழிலை முடித்தது என்கிறார். நீங்கள் படித்த ஆய்வுகளோ தடையால் உணவகங்களுக்கும் மதுவிடுதிகளுக்கும் நட்டமே இல்லை என்கின்றன. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் மது உரிமம் பெற்ற சிறு கடைகளுக்கும் பொழுதுபோக்குக் கூடங்களுக்கும் கணக்கு எழுதும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மாமா பொய் சொல்லவில்லை, நல்ல முறையில் செய்யப்பட்ட அந்த ஆய்வுகளும் தவறில்லை. அவை ஒரு நகரத்தின், ஒரு நாட்டின் மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்கின்றன. அவர் தம் ஒரு கடையின் கல்லாவைப் பார்த்தார். மொத்தம் குறையாமல் இருக்கும்போதே அதற்குள் ஒருவகைக் கடை தேய்ந்து, இன்னொரு வகைக் கடை வளர முடியும். எந்தக் கடை தேய்ந்தது என்பதை அறிய, அது உண்மையில் எதை விற்றுப் பிழைத்தது என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டை விற்ற கடைக்குத் தடை ஒரு பொருட்டாக இல்லை. உட்கார்ந்திருக்கும் நேரத்தை விற்ற கடை அடிபட்டது. எழுந்திருக்காமல் ஆடும் ஆட்டத்தை விற்ற கூடம் எல்லாவற்றையும்விட அதிகமாக அடிபட்டது.

முதலில் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் சட்டம் வந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பொருளாதார வாதத்தில் பாதி அந்த வரிசையிலேயே இருக்கிறது. அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று நாடு முழுவதற்குமாகப் பணியிடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்தது. ஸ்காட்லாந்து 2006 மார்ச் 26 அன்றும், வேல்ஸும் வட அயர்லாந்தும் 2007 ஏப்ரலிலும், இங்கிலாந்து 2007 ஜூலை 1 அன்றும் அதைப் பின்பற்றின. இங்கிலாந்தில் 2005 தேர்தலின்போது ஆளுங்கட்சி முன்வைத்த திட்டம் இவ்வளவு கடுமையானதாக இருக்கவில்லை. உணவு பரிமாறாத பப்களுக்கும் உறுப்பினர் மன்றங்களுக்கும் விலக்களிப்பதாகவே அது இருந்தது. அப்படி விட்டிருந்தால் பல பப்கள் சமையலறையை மூடிவிட்டுச் சிகரெட்டைத் தக்கவைத்துக்கொண்டிருக்கும். தெருவின் ஒரு பக்கத்தில் இருக்கும் மன்றத்தில் புகைக்கலாம், எதிர்ப்பக்கத்துப் பப்பில் கூடாது என்ற நிலையும் வந்திருக்கும். 2006 பிப்ரவரி 14 அன்று கட்சிக் கொறடா இல்லாத வாக்கெடுப்பில் மக்களவை 384க்கு 184 என்ற கணக்கில் எல்லாப் பப்களுக்கும் மன்றங்களுக்கும் சேர்த்தே தடை என்று முடிவு செய்தது. உடல்நலத்தின் பெயரால் எடுக்கப்பட்ட அந்த முடிவு, தொழில் போட்டியைப் பொறுத்தவரையிலும் சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

அப்படிக் கருதுவதற்குக் காரணம், தடையைத் தானாக முன்வந்து ஏற்ற ஒரு பெரிய நிறுவனத்தின் அனுபவம். வெதர்ஸ்பூன் பப் குழுமம் 2005இல், சட்டத்துக்குக் காத்திராமல் தன் கிளைகளைப் படிப்படியாகப் புகையில்லாதவையாக மாற்றப்போவதாக அறிவித்துச் சில டஜன் கிளைகளை மாற்றியும் காட்டியது. அங்கெல்லாம் சாப்பாட்டு விற்பனை கூடியது. மது விற்பனையும் சூதாட்ட இயந்திர வசூலும் குறைந்தன. புகைப்பவர்கள் சில கஜ தூரத்தில் இருந்த அடுத்த பப்புக்கு நடந்துவிட்டார்கள். குழுமம் மீதிக் கிளைகளை மாற்றும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சட்டம் எல்லோருக்குமாக வரட்டும் என்று காத்திருந்தது. ஒரு கடை மட்டும் தடை செய்வதும் ஊரே தடை செய்வதும் வேறு வேறு சோதனைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. முன்னதில் வாடிக்கையாளருக்குப் போக வேறு இடம் இருக்கிறது. பின்னதில் அவர் வாசலுக்குப் போய்வருகிறார், அல்லது வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். 'தடை வந்தால் வியாபாரம் 30 சதவீதம் விழும்' என்ற பேச்சுக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1987இல் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரம் உணவகங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்தபோது, அங்குள்ள உணவகச் சங்கம் 30 சதவீத இழப்பு என்று முழங்கியது. சில மாதங்களிலேயே தடை தளர்த்தப்பட்டது. பின்னர் விற்பனைவரிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது அப்படி ஒரு வீழ்ச்சியே தென்படவில்லை. அந்தச் சங்கமே புகையிலை நிறுவனங்களின் முயற்சியில் உருவானது என்பதை அதன் தலைவராக இருந்தவரே 1994இல் நியூயார்க் நகர மன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த எண் உலகம் முழுவதும் சுற்றி வந்தது. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் அதே பாணியிலான எச்சரிக்கைகளைக் கேட்டோம். 2003இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை வந்திருந்த 97 ஆய்வுகளை, பணம் கொடுத்தவர் யார், தரவு எங்கிருந்து வந்தது, முறை எப்படி என்று சலித்துப் பார்த்தது. நல்ல முறையில் செய்யப்பட்டவை அனைத்தும் பாதிப்பில்லை அல்லது சிறிது நன்மை என்றே கண்டன. நட்டம் என்று சொன்னவை பெரும்பாலும் புகையிலைத் தொழிலின் ஆதரவோடு, கடைக்காரர்களின் மதிப்பீட்டை மட்டும் கேட்டு எழுதப்பட்டவையாக இருந்தன. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கையும், உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2009 கையேடும் உணவக, மதுவிடுதித் துறையைப் பற்றி அதே முடிவுக்கு வந்தன.

இந்த முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் இந்த முடிவைப் பயன்படுத்துபவர்கள் பல நேரம் அது சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 மார்ச் இறுதியில் தடை அமலுக்கு வந்தது; ஓராண்டு கழித்து நகர நிர்வாகம், உணவகங்களும் பார்களும் செலுத்திய தொழில்வரி 8.7 சதவீதம் கூடியிருப்பதாகவும் 10,600 வேலைகள் அதிகரித்திருப்பதாகவும் அறிவித்தது. எண்கள் சரியானவை. ஆனால் ஒப்பிடப்பட்ட முந்தைய ஆண்டு, 2001 செப்டம்பர் தாக்குதலின் பாதிப்பிலிருந்து நகரம் மீண்டுகொண்டிருந்த காலம். அதைவிட முக்கியம், பர்கர் கடையும் காபிக் கடையும் நட்சத்திர உணவகமும் மூலையில் இருக்கும் பத்து நாற்காலி பாரும் அந்த ஒரே கூட்டுத்தொகையில் அடங்கிவிட்டன. பர்கர் கடையில் யாரும் ஏற்கெனவே புகைபிடிக்கவில்லை. அதன் வளர்ச்சி அந்தப் பத்து நாற்காலி பாரின் தேய்வை மூடி மறைக்கப் போதுமானது. வேறு சில பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க மாவட்டவாரியான வேலைவாய்ப்புத் தரவில் பார்களையும் உணவகங்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, உணவகங்களில் பாதிப்பு தெரியவில்லை, பார்களில் வேலைவாய்ப்பு ஓரளவு குறைந்தது.

ஸ்காட்லாந்தில் இன்னும் நேரடியான ஒரு சோதனை நடந்தது. அங்கே 2006 மார்ச்சில் தடை வந்தது, எல்லைக்குத் தெற்கே வட இங்கிலாந்தில் இன்னும் வரவில்லை. இரண்டு பக்கத்துப் பப்களையும் தடைக்கு முன்பும் சில வாரங்கள் கழித்தும் தொலைபேசியில் விசாரித்து ஒப்பிட்ட ஆய்வு, ஸ்காட்லாந்துப் பப்களில் விற்பனை சுமார் 10 சதவீதமும் வாடிக்கையாளர் வரவு சுமார் 14 சதவீதமும் குறைந்ததாகக் கண்டது. கடைக்காரர் வாய்மொழியை நம்பிய, குறுகிய கால ஆய்வு என்ற குறை அதற்கு உண்டு. ஆயினும் வானிலை, பண்டிகை, பொருளாதாரச் சூழல் ஆகியவை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்ததால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. என் மேசைக்கு வந்த பேரேடுகளிலும் ஏறத்தாழ அந்த அளவிலான சரிவைத்தான், சாப்பாடு இல்லாத பப்களில், கண்டேன்.

பத்து சதவீதம் என்றால் தாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இது விளக்கத்துக்காக நானே வைக்கும் எண்கள். வாரம் 6,000 பவுண்ட் விற்கும் ஒரு பப்பில் சரக்கு விலை பாதி, அதாவது 3,000. வாடகை, கூலி, மின்சாரம், உள்ளாட்சி வரி எல்லாம் சேர்ந்து 2,600. நடத்துபவர் கையில் நிற்பது 400 பவுண்ட். விற்பனை 10 சதவீதம் குறைந்து 5,400 ஆகிறது என்று வையுங்கள். சரக்கு 2,700, மிச்சம் 2,700. நிலையான செலவு அப்படியே 2,600. கையில் நிற்பது 100 பவுண்ட். விற்பனையில் பத்தில் ஒரு பங்கு போனது, குடும்பத்தின் வருமானத்தில் நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. ஆய்வறிக்கையில் 'மிதமான, தற்காலிகச் சரிவு' என்று எழுதப்படும் ஒன்று, வாடகைக்கு எடுத்து நடத்துபவருக்கு மூடுவிழாவாக மாறுவது இவ்வாறே. பிரிட்டனில் பப் நடத்துபவர்களில் கணிசமானோர், பெரும் பப் உடைமைக் குழுமங்களிடமிருந்து இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, அந்தக் குழுமம் சொல்லும் விலையிலேயே பீர் வாங்கவேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தவர்கள். விற்பனை குறைந்த வாரத்திலேயே வாடகை குறையாது. அது அடுத்த மறுமதிப்பீடு வரை காத்திருக்கும். உங்கள் மாமாவின் கடையும் அத்தகைய ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், அவருடைய கசப்பு எனக்கு முழுவதும் புரிகிறது.

ஆனால் அந்தக் கசப்பு முழுவதையும் புகைத்தடையின் மேல் ஏற்றுவது நியாயமில்லை. அயர்லாந்தின் புள்ளியியல் அலுவலகக் கணக்கில் பார்களின் விற்பனை அளவு 2001 வரை ஏறியது. 2002இல் குறையத் தொடங்கியது. தடைக்கு முந்தைய ஆண்டான 2003இலும் தடை வந்த 2004இலும் ஏறத்தாழ ஒரே அளவில், ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேலாக, விழுந்தது. சரிவு தடைக்கு முன்பே புறப்பட்டுவிட்ட ஒன்று. இங்கிலாந்தில் 2007 கோடை, பல மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கிய மழைக்கோடை. தோட்டத்துப் பெஞ்சில் அமர்ந்து குடிக்கும் பருவமே அந்த ஆண்டு வரவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில், பணவீக்கத்துக்கும் மேலாக ஆண்டுதோறும் மதுவரியை உயர்த்தும் ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் வங்கிகள் சரிந்தன. பேரங்காடிகளில் ஒரு கேன் பீர், பப்பில் ஒரு கோப்பை விற்கும் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்தது. 2009 முற்பாதியில் வாரத்துக்கு 52 பப்கள் மூடப்படுவதாக பிரிட்டிஷ் பீர் மற்றும் பப் சங்கம் அறிவித்தபோது, செய்தித்தாள்கள் ஒவ்வொன்றும் தமக்குப் பிடித்த ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டன. இவற்றில் புகைத்தடையின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் துல்லியமான தராசு இல்லை. அது ஒரு தனிக் கொலையாளி என்பதைவிட, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை மாடிப்படி ஏறச் சொன்னது போன்றது என்பதே என் மதிப்பீடு.

2018இல் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட ஒரு கணக்கு இந்த மாற்றத்தின் முழு உருவத்தையும் காட்டுகிறது. 2008இலிருந்து பத்தாண்டுகளில் 11,000க்கும் அதிகமான பப்கள், ஏறத்தாழ நான்கில் ஒன்று, மூடப்பட்டிருந்தன. அதே காலத்தில் பப் துறையின் மொத்த விற்றுமுதல், பணவீக்கத்தைக் கழித்த பின்பும், ஏறக்குறைய அப்படியே இருந்தது. வேலை செய்வோர் எண்ணிக்கை 6 சதவீதம் கூடியிருந்தது. சிறிய கடைகள் மறைந்தன, சமையலறை வைத்த பெரிய கடைகள் வளர்ந்தன. மொத்த எண்ணைப் பார்ப்பவர் 'பாதிப்பில்லை' என்பார். மூடிய கடையின் கதவைப் பார்ப்பவர் 'அழிந்தது' என்பார். இருவரும் ஒரே அட்டவணையின் வேறு வேறு வரிகளைப் படிக்கிறார்கள்.

இனி பிங்கோ. இந்தியாவிலிருந்து எழுதும் நண்பர்களுக்கு இது அவ்வளவாக அறிமுகமில்லாததால் சற்று விளக்குகிறேன். தம்போலா போன்ற எண் விளையாட்டுதான். ஆனால் பிரிட்டனில் இது பழைய திரையரங்குகளிலும் பெரும் கூடங்களிலும் நடக்கும் ஒரு தனித் தொழில். வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் பலர் வயதானவர்கள், உழைக்கும் வர்க்கத்தினர். தோழியரோடு வாரம் இருமுறை வந்து, தேநீரும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு, தமக்கென்று வைத்திருக்கும் அதே மேசையில் உட்காருவார்கள். நான் கணக்கு எழுதிய ஒரு கூடத்தில் தடைக்கு முந்தைய ஒரு மாலையைப் பார்த்திருக்கிறேன். மேடையில் எண்களை அழைப்பவர் ஒரு சுற்றை முடித்ததும் கூட்டம் எழுந்திருக்காது. ஒவ்வொரு மேசையிலும் பதித்த பிளாஸ்டிக் பலகையில் காசு போடும் துளை இருக்கும். சாம்பல் கிண்ணத்தில் சிகரெட்டை ஊன்றிவிட்டு, இடது கையில் சில்லறையை அடுக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு காசாகத் தள்ளி, அடுத்த பெரிய சுற்று தொடங்கும்வரை ஓயாமல் ஆடுவார்கள். அந்த இடைவேளை ஆட்டம் ஒவ்வொன்றும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். ஓரமாக நிற்கும் சூதாட்ட இயந்திரங்களும் அந்த நேரத்தில்தான் ஓடும்.

கூடத்தின் இலாபம் எங்கே இருந்தது என்றால், அந்த இடைவேளையில் இருந்தது. மேடை ஆட்டத்தின் பந்தயத் தொகை பெரும்பாலும் பரிசாகவே திரும்பிப் போய்விடும். அது கூட்டத்தைக் கூட்டும் கவர்ச்சி. இடைவேளைப் பலகை ஆட்டமும் இயந்திரமுமே கூடத்தைத் தாங்கின. புகைத்தடை வந்ததும், அந்தப் பெண்கள் கூடத்துக்கு வருவதை உடனே நிறுத்திவிடவில்லை. சுற்று முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கூட்டமாக வாசலுக்குப் போய்விட்டார்கள். மேடை ஆட்டம் தொடங்கும் நேரத்தில் திரும்பி வந்தார்கள். நுழைவுப் பதிவேட்டில் தலை எண்ணிக்கை சிறிதே குறைந்தது. தலைக்கு இவ்வளவு என்ற வசூல் வீழ்ந்தது. இதற்கு எந்தத் தள்ளுபடியும் மருந்தாகவில்லை, ஏனெனில் இழந்தது வாடிக்கையாளரை அல்ல, வாடிக்கையாளரின் பதினைந்து நிமிடங்களை.

அதே 2007 செப்டம்பரில் புதிய சூதாட்டச் சட்டம் நடைமுறைக்கு வந்து, கூடங்கள் வைத்திருந்த ஒருவகை இயந்திரங்களை எடுக்க வைத்தது. 2009இல் பங்கேற்புக் கட்டணத்தின் மீதான மதிப்புக்கூட்டு வரி நீங்கியது. ஆனால் பிங்கோ வரி 15 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மறு ஆண்டு அது 20 ஆகி, 2014இல்தான் 10 சதவீதமாக இறங்கியது. பிங்கோவின் சரிவில் வரியின் பங்கும் பெரிது என்று கூடக்காரர்கள் சொன்னது உண்மையே. ஆயினும் ஸ்காட்லாந்தின் கூடங்களில் சரிவு 2006 மார்ச்சுக்குப் பிறகே தெரியத் தொடங்கியது. அப்போது இயந்திரங்களும் இருந்தன, வரியும் மாறவில்லை. பப்பைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைப் பிங்கோவைப் பற்றித் தயங்காமல் சொல்வேன்: தடை இந்தத் தொழிலை உண்மையிலேயே காயப்படுத்தியது.

பிங்கோவில் நான் கண்டதைச் சூதாட்ட இயந்திரங்களைப் பற்றிய ஆய்வுகள் எண்களோடு உறுதிசெய்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2002 செப்டம்பரில் இயந்திர அறைகளில் புகைபிடிப்பதைத் தடைசெய்தபோது, இயந்திரங்களில் மக்கள் இழக்கும் தொகை திடீரென்று சுமார் 14 சதவீதம் குறைந்தது. மாதங்கள் கழிந்தும் பழைய பாதைக்குத் திரும்பவில்லை. இதைக் கண்டறிந்தவர்கள் புகையிலைத் தொழிலின் ஆதரவாளர்கள் அல்லர். புகைத்தடையை ஆதரித்த பொதுச் சுகாதார ஆய்வாளர்களே. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 2002 நவம்பரில் தடை வந்தபின், குதிரைப் பந்தயத் திடல்களில் இருந்த இயந்திரங்களின் வருவாய் ஏறத்தாழ 15 சதவீதம் வீழ்ந்ததாக அங்குள்ள கணக்குகளை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள் மதிப்பிட்டார்கள். அதே தரவில் பாதிப்பில்லை என்று முதலில் எழுதிய ஒரு குழு, பின்னர் தன் தரவில் இருந்த பிழையைத் திருத்த வேண்டியதாயிற்று. இல்லினாய் மாநிலம் 2008 ஜனவரி 1 முதல் கேசினோக்களையும் தடைக்குள் கொண்டுவந்தது. சுற்றியிருந்த இண்டியானா, அயோவா, மிசூரி கேசினோக்களில் புகைபிடிக்கலாம். முதலாண்டில் இல்லினாய் கேசினோக்களின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தடையால் போனதாக அமெரிக்க மைய வங்கி அமைப்பின் செயின்ட் லூயிஸ் பிரிவு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மந்தநிலையையும் போட்டியையும் வேறு விதமாகக் கணக்கில் எடுத்த இன்னொரு குழு அதை மறுத்தது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சி மாநிலத்தின் கேசினோ நகரமான அட்லாண்டிக் சிட்டியோ 2008 அக்டோபரில் கேசினோ தளங்களில் முழுத் தடையைக் கொண்டுவந்து, மந்தநிலையைக் காரணம் காட்டி ஒரே மாதத்தில் கைவிட்டது. அங்கே சீட்டு போடும் பணியாளர்கள் தங்கள் மூச்சுக்காக இன்றும் போராடுகிறார்கள்.

விக்டோரியாவின் அந்த 14 சதவீதத்தை நட்டம் என்ற பத்தியில் மட்டும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. இயந்திரத்தின் முன் மணிக்கணக்கில் மெய்மறந்து உட்கார்ந்திருப்பவர், ஒரு சிகரெட்டுக்காக எழுந்து வெளியே போய்க் குளிர்ந்த காற்றில் நிற்கும் ஐந்து நிமிடத்தில், 'போதும், வீட்டுக்குப் போகலாம்' என்று நினைக்க வாய்ப்புக் கிடைக்கிறது. இயந்திரம் இழந்த பணத்தில் ஒரு பகுதி, இழந்திருக்கக் கூடாத குடும்பங்களின் பணப்பையிலேயே தங்கியது. மேலும், ஒரு கூடத்தில் செலவழியாத காசு ஊரை விட்டே காணாமல் போவதில்லை; அது காய்கறிக் கடைக்கோ காலணிக் கடைக்கோ போகிறது. இதனால் கூடக்காரரின் இழப்பு இல்லையென்று ஆகிவிடாது. ஊரின் இழப்பும் அவருடைய இழப்பும் ஒன்றல்ல என்றுதான் ஆகிறது.

தடையின் சுமை யாருக்கு எவ்வளவு என்பதை இடத்தின் அமைப்பும் தீர்மானித்தது. இங்கிலாந்தின் விதிப்படி, கூரை போட்ட புகைப்பிடங்களின் சுற்றுச்சுவரில் பாதிக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். பின்கட்டில் தோட்டம் இருந்தவர், நான்கு கம்பம் நட்டுக் கூரை வேய்ந்து, வெப்ப விளக்கு மாட்டி, அதையே புதிய கவர்ச்சியாக்கிக்கொண்டார். தெருவில் வீடுகளோடு வீடாக ஒட்டியிருந்த பப்புக்கு நடைபாதை மட்டுமே இருந்தது. அங்கே கூட்டம் நின்றால் அக்கம்பக்கத்தார் சத்தத்துக்காகப் புகார் செய்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், பின்பக்கம் இருந்த இரண்டு கஜ அகல முற்றத்தை அளவுநாடாவால் மூன்று முறை அளந்துவிட்டு, எப்படிக் கணக்குப் போட்டாலும் மூன்று பக்கமும் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் என்பதைக் கண்டு, நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விதியை மீறிப் புகைக்க விட்டால் நடத்துபவருக்கு 2,500 பவுண்ட் வரை அபராதம். புகைத்தவருக்கோ 50 பவுண்ட்.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் இந்த ஏற்றத்தாழ்வை நேருக்கு நேர் எடுத்துப் பேசியது. பெரிய விடுதிகள் தனிப் புகையறை வைத்துக்கொள்ளலாம் என்று மாநிலச் சட்டங்கள் விலக்களித்திருந்தன. ஒரே அறை கொண்ட மூலைக்கடைகளால் அது முடியாது. 2008 ஜூலை 30 அன்று வந்த தீர்ப்பு, எல்லோருக்கும் முழுத் தடை விதிப்பது அரசுக்கு உரிய உரிமை, ஆனால் விலக்களிப்பதென்றால் சிறியவரைத் தனியாக வஞ்சிக்கக் கூடாது என்றது. 75 சதுர மீட்டருக்குக் குறைவான, சமைத்த உணவு பரிமாறாத, 18 வயதுக்குக் குறைந்தோரை விடாத கடைகளுக்கு இடைக்கால விலக்கும் கொடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து பவேரியா மக்கள் வாக்கெடுப்பில் விலக்குகளே வேண்டாம் என்று 61 சதவீதத்தினர் முடிவு செய்தார்கள். ஸ்பெயினோ அரைகுறைச் சட்டத்தின் விலையைக் கண்கூடாகக் காட்டியது. 2006இல் 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் தடுப்புச் சுவர் எழுப்பிப் புகைப்பகுதி அமைக்கலாம் என்றார்கள். பலர் கடன் வாங்கிக் கண்ணாடிச் சுவரும் காற்றுப்போக்கியும் அமைத்தார்கள். 2011 ஜனவரியில் முழுத் தடை வந்து அந்த முதலீடு முழுவதையும் வீணாக்கியது. தடையால் போன விற்பனையைவிட, இப்படி இடைக்காலச் சலுகையை நம்பிப் போட்ட பணம் பலரை அதிகம் வருத்தியது.

இந்தியாவிலும் இந்த ஆபத்து இருக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டு, 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டாலும், 30 இருக்கைகளுக்குக் குறையாத உணவகங்களும் 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகளும் தானாக மூடும் கதவும் தனிக் காற்றுப்போக்கியும் கொண்ட புகையறை வைத்துக்கொள்ள விதிகள் இடம் கொடுத்தன. 2017இல் அந்த அறைக்குள் எதையும் பரிமாறக் கூடாது என்றாயிற்று. வாடகை கொடுக்கும் இடத்தில் ஒரு பகுதியை, வருமானமே தராத அறையாக நிறுத்திவைப்பதில் இலாபக் கணக்கு ஏதும் இல்லை. சென்னையில் புதிதாக உணவகம் தொடங்கும் எவரும் என்னிடம் கேட்டால், அந்த அறைக்குச் சுவர் எழுப்ப வேண்டாம் என்றே சொல்வேன்.

இத்தனைக்கும் நடுவே, எந்தக் கல்லாவிலும் பதிவாகாத ஒரு கணக்கும் உண்டு. அதை விட்டுவிட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆகமாட்டேன். ஸ்காட்லாந்துத் தடைக்கு முன்பும் பின்பும் டண்டீ நகர மதுவிடுதிப் பணியாளர்களைச் சோதித்த மருத்துவர்கள், இருமல், மூச்சிரைப்பு, கண்ணெரிச்சல் போன்ற அறிகுறிகள் ஓரிரு மாதங்களிலேயே கணிசமாகக் குறைந்ததையும் நுரையீரல் செயல்பாடு மேம்பட்டதையும் பதிவுசெய்தார்கள். அந்நாட்டின் ஒன்பது மருத்துவமனைகளில் தீவிர இதய நோய்க்கான அனுமதிகள் ஓராண்டில் 17 சதவீதம் குறைந்தன. கோப்பை கழுவும் பெண்ணின் நுரையீரல் தேய்மானம் எந்தப் பப்பின் செலவுக் கணக்கிலும் எழுதப்பட்டதில்லை. அவளும் அவளுடைய குடும்பமும் பொது மருத்துவமனையும் சேர்ந்து செலுத்தி வந்த மானியம் அது. தடை வந்தபின் அந்தச் செலவு, அதை உண்டாக்கிய தொழிலின் மேலேயே வந்து விழுந்தது. இதை நான் நியாயம் என்றே நினைக்கிறேன், என் வாடிக்கையாளர்கள் சிலர் அதனால் கடையை இழந்தார்கள் என்பது தெரிந்தும்.

உங்கள் கேள்விக்கு உங்கள் மாமாவின் பழைய பேரேடுகளே விடை சொல்லும், அவற்றை அவர் வைத்திருந்தால். 2005 ஜூலையிலிருந்து 2009 ஜூன் வரை மாதவாரியாக எடுத்து, மது, சாப்பாடு, இயந்திரம் என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். 2007 ஜூலைக்கு முன்பே மதுப் பத்தி இறங்கத் தொடங்கியிருந்தால் காரணம் வேறு. அந்த மாதத்தில் மதுவும் இயந்திரமும் ஒன்றாகப் படியிறங்கி அந்த மட்டத்திலேயே நின்றிருந்தால், அவர் சொல்வது சரி. 2008 இலையுதிர் காலத்துக்குப் பிறகு மூன்றும் சேர்ந்து சரிந்திருந்தால் அது மந்தநிலையின் வேலை. நான்காவது பத்தியாக வாடகையையும் எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்த மூடிய கடைகளில் பலவற்றில் அந்தப் பத்தி மட்டும் ஒருமுறைகூட இறங்கவில்லை.